பழைய கார் உதறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், விவேக்நகர், லிங்கராஜபுரம் பக்கமெல்லாம் பழைய கார்கள் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. சான்ட்ரோ, ஆல்டோ, எஸ்டீம், ஆம்னி, குவாலிஸ், 2014-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 என்று வரிசையாகச் சொல்லலாம். இவற்றை வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: வண்டி உதறுகிறது, எதை மாற்றினால் சரியாகும்?

அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எப்போது உதறுகிறது என்று பாருங்கள். அது தெரியாமல் வாங்கும் சாமான் எல்லாம் பெரும்பாலும் வீண் செலவு.

“வண்டி உதறுது. முதல்ல என்ன பார்க்கணும்?”

நான்கு விஷயம். நின்றிருக்கும்போது உதறுகிறதா, ஓடும்போதா? ஓடும்போது என்றால் எந்த வேகத்தில் ஆரம்பித்து எந்த வேகத்தில் நிற்கிறது? ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் வருகிறதா, காலை எடுத்தாலும் இருக்கிறதா? உங்களுக்கு அது எங்கே தெரிகிறது, ஸ்டியரிங்கிலா, சீட்டிலா, கால் வைக்கும் தரையிலா, பிரேக் பெடலிலா? இதை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். “உதறுது” என்று மட்டும் சொன்னால் அவருக்கும் ஊகம்தான் மிஞ்சும்.

அப்புறம் மூன்று சோதனை. காலியான சாலையில் உதறல் வரும் வேகத்தைப் பிடித்து, க்ளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். அப்படியே தொடர்ந்தால் டயர், ரிம் போன்று சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில் கோளாறு. சட்டென்று நின்றால் இன்ஜின் பக்கமோ, இழுவையைத் தாங்கும் ஆக்ஸில் பக்கமோ பார்க்க வேண்டும். அடுத்து அதே வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் ஓட்டுங்கள். கியர் மாறியதும் உதறலின் தன்மை மாறினால் அது இன்ஜின் சுற்றோடு போகிறது. கடைசியாக, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து அதே ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுங்கள். நின்ற இடத்திலேயே வந்தால் சக்கரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

ஓடும்போது எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்காதீர்கள். பிரேக் பூஸ்டரின் துணை போய்விடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். ஊருக்குள் இந்த வேகத்துக்கு இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நைஸ் ரோடோ எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலமோ சரியாக இருக்கும், அங்கே அனுமதித்த வேகத்துக்குள்.

“80-ல ஸ்டியரிங் ஆடுது, இன்னும் கொஞ்சம் வேகம் போனா நின்னுடுது. இது எப்படி?”

இது பெரும்பாலும் முன் சக்கர பேலன்ஸ் கோளாறு, அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாதது. 145/80 ஆர் 13 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.77 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குப் பன்னிரண்டரை சுற்று சுற்றும். ரிம்மின் விளிம்பில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது இரண்டு கிலோ எடையின் பலத்தோடு ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தை வெளியே இழுக்கும். 40-ல் அதில் கால் பங்குதான், அதனால் தெரிவதில்லை. சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் இயல்பாக ஆடும் ஒரு தாளம் உண்டு. சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் பெரிதாகத் தெரியும், தாண்டினால் அடங்கிவிடும்.

ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் மட்டும் தெரிந்தால் பின் சக்கரம் என்று எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். மழைக்காலத்தில் பேலன்சிங் கடைக்குப் போவதற்கு முன் ரிம்மின் உட்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். அங்கே காய்ந்து ஒட்டிக்கொண்ட சேறே போதும், இந்த ஆட்டத்தைக் கொடுக்க.

“அலைன்மென்ட் பண்ணியாச்சு, இன்னும் ஆடுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?”

இல்லை. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலோ அதைச் செய்ய வேண்டும். ஆட்டத்துக்குச் செய்ய வேண்டியது பேலன்சிங். கடையில் எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

“பேலன்சிங்கும் பண்ணியாச்சு சார், போகலையே.”

எடை சமமாக இருந்தாலும் வட்டம் வட்டமாக இல்லையென்றால் உதறும். நம் ஊர்ப் பள்ளங்களில் விழுந்து எழுந்த ரிம் கொஞ்சமாவது வளைந்திருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். வண்டி இழுக்காத சக்கரமாக இருந்தால் சுலபம். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரைச் செங்கல் மேல் அசையாமல் வைத்து, அதன் முனையை ரிம் விளிம்புக்கு மயிரிழை தள்ளி நிறுத்துங்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றும்போது அந்த இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உரசி, எதிர்ப்பக்கத்தில் விலகினால் ரிம் கோணல். அதே முனையை டயரின் ஓடுபரப்புக்கு எதிரே வைத்தால் டயரின் கோணலும் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று உட்பக்கமும் சேர்த்துத் தடவிப் பாருங்கள். டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் பட்டன் (ஓடுபரப்பின் மேடுகள்) தேயாமலே டயர் கிழடாகிவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியானால் கவலையில்லை, சரியாகாவிட்டால் டயர் மாற்ற வேண்டியதுதான்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். ஸ்டியரிங் ஆட்டம் சீட்டுக்கு மாறிவிட்டால் குற்றவாளி அந்த ஜோடியில் இருக்கிறது. மாட்டும்போது சக்கரம் வந்து பொருந்தும் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.

“சிக்னல்ல நிக்கும்போது கியர் லீவர், சீட்டு எல்லாம் நடுங்குது. ஏசி போட்டா ஜாஸ்தி. கிளம்பினா சரியாயிடுது.”

சக்கரமே சுற்றாதபோது வரும் நடுக்கம் என்பதால் இரண்டு சந்தேகம்தான்: இன்ஜின் மவுண்டிங், அல்லது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமை. இன்ஜினின் ஆட்டம் பாடிக்கு வராமல் தடுப்பது மவுண்டிங்கில் உள்ள ரப்பர். பத்துப் பதினைந்து வருடத்தில் அது இறுகி வெடித்துவிடும். சில கார்களில் உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங் இருக்கும், அது கசிந்து கறுப்பாக வழிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏசி போட்டதும் கம்ப்ரஸரின் சுமை கூடுவதால் நடுக்கம் அதிகமாகிறது.

பானட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்னொருவரை உட்கார வைத்து முதல் கியரில் க்ளட்ச்சை மிக லேசாக விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், வண்டிக்கு முன்னால் வேண்டாம். இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து திரும்பினால் இயல்பு. எகிறி “டக்” என்று இடித்தால் மவுண்டிங் போய்விட்டது. அது அசையாமல் இருந்து, சைலன்சர் சத்தம் சீராக இல்லாமல் நடுநடுவே தடுக்கினால் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். மாருதி 800, பழைய ஆல்டோ போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஐடிலிங்கில் கொஞ்சம் நடுக்கம் பிறவியிலேயே உண்டு. முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

“ஆக்சிலரேட்டர் மிதிச்சா மட்டும் உதறுது, காலை எடுத்தா நின்னுடுது. எல்லாரும் டயர்னு சொல்றாங்க.”

டயர் உங்கள் காலைக் கேட்டு ஆடாது. மிதித்தாலும் விட்டாலும் அதன் எடை மாறப்போவதில்லை. முன் சக்கரம் இழுக்கும் கார்களில் இது பெரும்பாலும் ஆக்ஸிலின் உட்புற ஜாயின்ட். கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும் அந்தக் கிண்ணத்துக்குள் மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களில் முன்னும் பின்னும் நழுவுகின்றன. பள்ளம் தேய்ந்து குழி விழுந்தால் சுமை ஏறும்போது உருளை நழுவாமல் சிக்கிச் சிக்கிப் போகும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை தள்ளுவதால் வண்டியின் முன்பகுதி இடவலமாக ஆடுவது போல இருக்கும். ஏற்றத்தில் அதிகமாகும், சமதளத்தில் ஒரே வேகத்தில் போனால் குறையும்.

வெளிப்புற ஜாயின்ட் போனால் அடையாளம் வேறு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து யூ டர்ன் அடிக்கும்போது “கட கட கட” என்று சத்தம் வரும், உதறல் அதிகம் இருக்காது. இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றேதான்: ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிவது. சக்கரத்தின் உட்பக்கத்தில் கறுப்பு கிரீஸ் விசிறியடித்த மாதிரி கோடு கோடாகத் தெறித்திருந்தால் அன்றைக்கே வண்டியை கேரேஜில் விடுங்கள். பூட் கிழிந்த உடனே பார்த்தால் பூட்டும் கிரீஸும் கிளிப்பும் மட்டும்தான் செலவு. மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ஒரு மழைக்காலம் கழிந்தால் ஜாயின்டே போகும். போடும்போது மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்தான் வேண்டும், கையில் கிடைக்கும் சாதா கிரீஸ் கூடாது.

“என்னோடது குவாலிஸ். எனக்கும் இதே கதைதானா?”

இல்லை. குவாலிஸ், பழைய இன்னோவா, சுமோ, பொலேரோ, ஆம்னி எல்லாம் பின் சக்கரம் இழுக்கும் வண்டிகள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு அடியில் நீளமாக ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுகிறது. இது சக்கரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் இதன் அதிர்வு நிதானமான ஆட்டமாக இருக்காது. தரையிலும் சீட்டுக்கு அடியிலும் ‘கிர்ர்’ என்று பொடியாக வரும், காதிலும் ஒரு அமுக்கம் தெரியும்.

முதலில் கிராஸைப் பாருங்கள், அதாவது ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி, மேலும் கீழும் அசைத்தால் கிராஸில் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செங்கல்பொடி போலச் சிவப்பாகத் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் வறண்டு அரைபட்டுக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது அடியில் “டிங்” என்று கேட்பதும் இதன் அடையாளம். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது போனால் கிளம்பும்போது அடியில் ஒரு உதறு உதறும்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும் ஃபிளாஞ்சிலும் பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை இன்னொன்று ஈடுகட்டும். நழுவும் பகுதியை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் புது கிராஸ் போட்டும் பழையதைவிட மோசமாக உதறும்.

“முதல் கியர்ல எடுக்கும்போது குதிச்சுக் குதிச்சுக் கிளம்புது. அப்புறம் ஒண்ணுமில்லை.”

க்ளட்ச். பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃபிளைவீல் சூட்டில் வெந்து நீலத் திட்டுகள் விழுந்திருக்கலாம். ஆனால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் மேலே சொன்ன மவுண்டிங் சோதனையைச் செய்துவிடுங்கள். தளர்ந்த மவுண்டிங்கும் இதே மாதிரி குதிக்க வைக்கும், அதை மாற்றும் கூலியும் குறைவு.

“பிரேக் பிடிச்சா மட்டும் ஆடுது.”

டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை, அல்லது டிஸ்க் கோணல். ஸ்டியரிங்கும் பெடலும் சேர்ந்து ஆடினால் முன்பக்கம் பாருங்கள். பெடல் மட்டும் துடித்து, ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்தாலும் அதே துடிப்பு இருந்தால் பின் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. லேத்தில் கடையலாம், ஆனால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

“ஆட்டம் கம்மிதான். ஆனா ‘ஊஊ’ன்னு ஒரு சத்தம், வேகம் கூடக் கூட ஏறுது.”

வீல் பேரிங்காக இருக்கலாம். 60-ல் போகும்போது ஸ்டியரிங்கை மெல்ல இடது பக்கம் வளையுங்கள். சுமை வலது சக்கரங்களுக்குப் போகும். சத்தம் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது. எந்தப் பக்கம் வளைத்தாலும் மாறாவிட்டால் டயர் ரம்பப்பல் மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

“ஹம்ப்ல அடி இடிக்குதுன்னு ஸ்பிரிங் நடுவுல ரப்பர் வச்சு ஏத்தினேன். அதுலேருந்துதான் உதறல்.”

அதுதான் காரணம். உடல் உயர்ந்ததும் ஆக்ஸில் சாய்ந்து ஜாயின்டுகள் அதிகக் கோணத்தில் வேலை செய்கின்றன. கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பழைய கோணத்தில் அமைதியாக இருந்த உட்புற ஜாயின்ட், இப்போது தேயாத பக்கத்துக்கும் தேய்ந்த பக்கத்துக்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. ரப்பரை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உதறல் போய்விட்டால் ஆக்ஸில் மாற்றும் செலவு இப்போதைக்கு மிச்சம். வண்டி தாழ்ந்துவிட்டது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதே அளவில் புது ஸ்பிரிங் போடுவதே சரி.

“தனியா போனா இல்லை. ஊருக்குப் போயிட்டு குடும்பத்தோட திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏத்தத்துல வருது.”

சுமை கூடினால் மூன்று விஷயம் மாறுகிறது: இழுவை, ஜாயின்டின் கோணம், பின் டயர்களின் மேல் விழும் எடை. அதே ஐந்து பேரோடு சமதளத்தில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே வராவிட்டால் ஏற்றத்தின் இழுவைதான் காரணம். அப்போது உட்புற ஜாயின்டையும், சுமையில் எரியத் தவறும் சிலிண்டரையும் சந்தேகப்படலாம். பிந்தையதாக இருந்தால் இழுவை குறையும், செக் இன்ஜின் விளக்கு மின்னலாம். சமதளத்திலும் வந்தால் பின் டயரைப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் உள்ள ஆம்னி, குவாலிஸ் போன்றவற்றில் பின்பக்கம் அமர்ந்து புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறியிருக்கும்.

“க்ளட்ச் மாத்தின மறுநாள்லேருந்து புதுசா ஒரு உதறல். மெக்கானிக் சம்பந்தமில்லைங்கிறார்.”

வேலை முடிந்த உடனே வந்தது என்றால் அந்த வேலைக்காகக் கழற்றியதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். மவுண்டிங் போல்ட்டுகளை இன்ஜின் ஒரு பக்கம் இழுபட்ட நிலையிலேயே இறுக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் தளர்த்தி, இன்ஜினை ஐடிலிங்கில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தானாக அமர்ந்த பிறகு இறுக்கினாலே பல வண்டிகளில் போய்விடும். ஆக்ஸில் கியர்பாக்ஸுக்குள் “க்ளிக்” என்று முழுதாக உட்காராமல் இருக்கலாம், அப்படியானால் அந்த இடத்தில் எண்ணெய்க் கசிவும் தெரியும். பின் சக்கர இழுவை என்றால் குவாலிஸ் பதிலில் சொன்ன கோடும் கவையும். மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாமல் இந்த மூன்றையும் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கோபமாகப் போனால் யாரும் வண்டியை மறுபடி தூக்க மாட்டார்கள்.

“ஃபோன்ல ஆப் வச்சே கண்டுபிடிக்கலாமாமே?”

கண்டுபிடிக்கலாம், கணக்கு தெரிந்தால். அதிர்வை விநாடிக்கு எத்தனை முறை என்று காட்டும் ஆப்கள் இருக்கின்றன. மேலே சொன்ன டயரோடு 80-ல் போகும்போது 12, 13 ஹெர்ட்ஸில் கூர்முனை தெரிந்தால் பேலன்ஸ் அல்லது ரிம். அதன் மும்மடங்கு, 37 அருகே என்றால் உட்புற ஜாயின்ட். புரொப்பெல்லர் ஷாஃப்டின் எடை சமமில்லை என்றால் 50 அருகே, கிராஸ் தேய்ந்தால் அதன் இரட்டிப்பு. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 100 முறை எரிகிறது.

ஃபோனை டாஷ்போர்டு ஸ்டாண்டில் வைக்காதீர்கள், ஸ்டாண்டு ஆடும் ஆட்டத்தைத்தான் அது அளக்கும். சீட் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள், அல்லது தரையில் மிதியடிக்குக் கீழே வையுங்கள். சென்சார் விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறதோ, அதில் பாதிக்கு மேலான அதிர்வை நம்ப முடியாது. நூறு முறை அளக்கும் ஃபோனில் 50-க்கு மேல் காட்டுவதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்க வேண்டும்.

“ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜே.சி. ரோட்டில பாதி விலைக்கு ஆக்ஸில் தர்றாங்க. வாங்கலாமா?”

எதைத் தருகிறார்கள் என்று பாருங்கள். பழைய ஆக்ஸிலைக் கழுவி, பெயின்ட் அடித்து, புது பூட் மாட்டினது என்றால் உள்ளே இருக்கும் குழி அப்படியேதான் இருக்கும். பூட்டை ஒரு பக்கம் திறந்து காட்டச் சொல்லுங்கள். பள்ளத்தில் நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது. காட்ட மாட்டேன் என்றால் வேண்டாம். உங்கள் ஷாஃப்ட் நன்றாக இருந்து ஜாயின்ட் மட்டும் போயிருந்தால், நல்ல தயாரிப்பில் ஜாயின்டை மட்டும் வாங்குவது மலிவான முழு ஆக்ஸிலைவிட மேல். பழையதைக் கையோடு எடுத்துப் போய்ப் பற்களை எண்ணி ஒப்பிட்டு வாங்குங்கள். ஏபிஎஸ் உள்ள மாடலுக்கும் இல்லாததற்கும் வெளிப்புற ஜாயின்ட் வேறாக இருக்கலாம்.

“இப்படியே எவ்வளவு நாள் ஓட்டலாம்?”

மவுண்டிங் என்றால் சில வாரம் தாங்கும், ஆனால் அந்த ஆட்டம் சைலன்சர் பைப்பையும் வயர்களையும் பதம் பார்க்கும். லேசான பேலன்ஸ் குறையை அடுத்த விடுமுறை வரை தள்ளலாம், டயரும், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேயும். பூட் கிழிந்ததைத் தள்ளக் கூடாது.

உடனே நிறுத்த வேண்டியவை தனி. டயரில் புடைப்பு, திடீரென்று ஆரம்பித்து நிமிடத்துக்கு நிமிடம் கூடும் ஆட்டம், ஆட்டமுள்ள பால் ஜாயின்ட், ஆட்டமுள்ள கிராஸ். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு வரும் ஆட்டம் என்றால் ஓரமாக நிறுத்தி முதலில் நட்டுகளைச் சோதியுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்பக்க கிராஸ் ஓடும்போது உடைந்தால் அந்த முனை தார்ச்சாலையில் ஊன்றிக்கொள்ளும். அந்த வண்டியை கேரேஜுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிட்டு, பின் சக்கரங்கள் தரையில் உருளாத மாதிரி ஏற்றி அனுப்புங்கள்.